வரப்போரக் கேள்வி பதில்: பிரீமியம் கட்டினால் யூரியா குறையுமா?

இரண்டாம் பருவ நெல்லான கும்பப்பூவுக்கு மேலுரம் போடுகிற நேரம் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பயிர்க் காப்பீட்டைச் சுற்றியே இருக்கின்றன. தென்னை, ரப்பர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளியிருக்கிறேன். ரப்பர்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு மழை விட்டால்தானே வேலை.

கேள்வி: ஐயா, சென்னையில் படிக்கிற என் மகள், "சீனாவில் பயிர்க் காப்பீடு பரவிய பிறகு தானியம் விளைவிப்பதில் சுற்றுச்சூழல் திறன் கூடியிருக்கிறது" என்று எங்கோ வாசித்ததாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் வயல் ஏலாவில் இன்சூரன்ஸ் கட்டினவரும் கட்டாதவரும் ஒரே கடையில்தான் யூரியா வாங்குகிறார்கள். பேப்பரில் போடுகிற கையெழுத்து வயலில் விழுகிற உரத்தை எப்படி மாற்றும்?
— வாசகர், தேரூர்

பதில்: உங்கள் மகள் வாசித்தது பொய்யில்லை. நீங்கள் சிரித்ததிலும் தப்பில்லை. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுச்சூழல் திறன் என்பதை இப்படிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து வயல் இரண்டு. இரண்டிலும் அம்பை 16 ரக நெல். அறுத்தபோது இரண்டிலும் ஏக்கருக்கு 2,300 கிலோ. ஒருவர் போட்டது இரண்டு மூட்டை யூரியா, ஒரு தடவை மருந்து. மற்றவர் நாலு மூட்டை, மூன்று தடவை மருந்து. களத்தில் நெல்லைக் குவித்துப் பார்த்தால் யார் நெல் எது என்று தெரியாது. ஆனால் இரண்டாமவர் வயலிலிருந்து ஓடையில் இறங்கியதும் காற்றில் போனதும் ரொம்ப அதிகம். உரம், மருந்து, தண்ணீர், டீசல் இவற்றை ஒரு பக்கமும், நெல்லை மறு பக்கமும் எழுதி, கூடவே உண்டான மாசையும் கணக்கில் சேர்க்கிறார்கள். அப்புறம், இருப்பதிலேயே குறைந்த கெடுதலில் நிறைய விளைவிக்கிறவரை எல்லைக்கோடாக வைத்து, மற்றவர்கள் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று அளக்கிறார்கள். கணக்கு அவ்வளவுதான், பெயர்தான் பெரிது.

நம் ஊரில் அந்தத் தூரம் எவ்வளவு என்று தெரிய ஒரு மூட்டை யூரியாவைப் பிரித்தாலே போதும். மூட்டை 45 கிலோ, அதில் நைட்ரஜன் 46 சதவீதம், அதாவது 20 கிலோ சொச்சம். தண்ணீர் கட்டி நிற்கிற நெல்வயலில் அதில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம்தான். ஆறு முதல் எட்டு கிலோ நெல்லுக்கு. மிச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறக்கும், ஒரு பகுதி வடிநீரோடு போகும், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பும். இந்த நைட்ரஸ் ஆக்சைடு இருக்கிறதே, நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 270 மடங்குக்கு மேல் சூடேற்றும். மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறபோது இதையெல்லாம் யார் நினைக்கிறார்கள்?

சரி, இதில் காப்பீடு எங்கே வருகிறது? விவசாயி உரமும் மருந்தும் போடுவது விளைச்சலுக்கு மட்டுமில்லை, பயத்துக்கும் சேர்த்துத்தான். ஆனால் இரண்டிலும் பயம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மருந்து என்பது பயத்தைக் குறைக்கிற செலவு. புகையான் பூச்சி வந்துவிடுமோ என்று வருமுன்னே அடிப்பது ஒருவகைக் காப்பீடுதான், அதற்கான பிரீமியத்தை மருந்துக்கடையில் கட்டுகிறோம். நைட்ரஜன் அப்படியில்லை, அது சூதாட்டம். மழை அளவாகப் பெய்தால் நாலு மூட்டை போட்டவருக்கு நல்ல அறுவடை கிடைக்கலாம். ஐப்பசி மழை கொட்டினால் உரமும் போகும், அடர்ந்து வளர்ந்த பயிர் சாய்ந்தும் போகும். நட்டத்தை இன்னொருவர் தாங்குகிறார் என்று தெரிந்தால் மருந்து குறையலாம், சூதாட்டமோ கூடலாம்.

இதை அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்தார்கள். ஹோரோவிட்ஸ், லிக்டன்பெர்க் என்ற இருவர் 1993-ல், அங்கே மத்திய மேற்குப் பகுதி மக்காச்சோள விவசாயிகளை வைத்து எழுதினார்கள். காப்பீடு எடுத்தவர்கள் ஏக்கருக்கு 19 சதவீதம் கூடுதல் நைட்ரஜன் போட்டார்கள், பூச்சிமருந்துக்கு 21 சதவீதம் கூடுதலாகச் செலவழித்தார்கள் என்றது அந்த ஆய்வு. மூன்றே ஆண்டில் ஸ்மித், குட்வின் இருவரும் கன்சாஸ் கோதுமை விவசாயிகளைப் பார்த்துவிட்டு நேர் எதிராகச் சொன்னார்கள்: காப்பீடு எடுத்தவர்கள் ரசாயனத்தைக் குறைத்தே பயன்படுத்துகிறார்கள். பயிர் வேறு, ஊர் வேறு, கணக்குப் போட்ட முறையும் வேறு. அந்த வழக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

சீனாவின் கதை கொஞ்சம் வேறு. அங்கே 2007 முதல் மத்திய அரசு பிரீமியத்துக்கு மானியம் தருகிறது. பிறகு நெல், கோதுமை, மக்காச்சோளத்துக்குச் சாகுபடிச் செலவு முழுவதையும், சில இடங்களில் வருமானத்தையும் காக்கிற திட்டத்தை 2018-ல் சோதனையாகத் தொடங்கி, 2024-ல் நாடு முழுக்க விரித்தார்கள். நட்டம் வந்தாலும் எழுந்து நிற்கலாம் என்ற தைரியத்தில் நிலத்தைக் குத்தகைக்குச் சேர்த்துப் பெரிதாகச் செய்வதும், இயந்திரம் கொண்டுவருவதும், உரம் மருந்து போடுகிற வேலையைத் தேர்ந்த குழுக்களிடம் விடுவதும் கூடுகிறது, அதனால் வீணாவது குறைகிறது என்று அங்கிருந்து வரும் ஆய்வுகள் பல சொல்கின்றன. ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லுங்கள். அதே சீனா 2015-ல், 2020-க்குள் உரமும் பூச்சிமருந்தும் இனிக் கூடக்கூடாது என்று தனியாக ஒரு திட்டம் போட்டு இறங்கியது. யூரியா குறைந்த பெருமையில் காப்பீட்டுக்கு எவ்வளவு, அந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பது லேசான வேலையில்லை. எல்லாவற்றையும் காப்பீட்டின் கணக்கில் எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் நாஞ்சில் நாட்டில் முப்பது சென்ட், ஐம்பது சென்ட் என்று கிடக்கிற வயலில் சீனாவின் வழி அப்படியே நடக்காது. அமெரிக்க வழியும் நடக்காது, அதன் காரணம் அடுத்த பதிலில் வருகிறது. இங்கே காப்பீடு செய்யக்கூடியது ஒன்றுதான்: பயத்துக்குப் போடுகிற கடைசி மூட்டையையும், பயத்துக்கு அடிக்கிற முதல் மருந்தையும் நிறுத்த ஒருவருக்குத் தைரியம் தரலாம். எதை நிறுத்துவது என்று அது சொல்லாது.

கேள்வி: எங்கள் பக்கத்து வயல் அண்ணாச்சி இன்சூரன்ஸ் கட்டிவிட்டு, "இனி மருந்து எதுக்குப் பிள்ளே, அழிஞ்சா பணம் வரும்" என்று வயல்பக்கமே வருவதில்லை. அவர் வயல் பூச்சி என் வயலுக்கு வருகிறது. அவருக்குப் பணம் கிடைத்துவிடுமா?
— வாசகர், இறச்சகுளம்

பதில்: அவர் வயல் மட்டும் பூச்சியில் அழிந்தால் ஒரு பைசா கிடைக்காது. இதை அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2016-ல் வந்ததே அதைத்தான் சொல்கிறேன், நெல்லுக்கு மகசூல் இழப்பீடு முடிவாவது தனி ஆள் வயலை வைத்து அல்ல, அறிவிக்கை செய்த கிராமத்தின் சராசரி மகசூலை வைத்து. கிராமத்தில் சில வயல்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது இதுதான்.

அந்த எடையை எதோடு ஒப்பிடுவார்கள் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கிராமத்தில் கடந்த ஏழு ஆண்டு சராசரி, ஏக்கருக்குக் கிலோவில், 2,400, 2,100, 1,500, 2,300, 2,200, 1,700, 2,500 என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஐந்து ஆண்டுகளை மட்டும் எடுப்பார்கள். 1,500-உம் 1,700-உம் விலகிவிடும். மீதி ஐந்தின் சராசரி 2,300. அந்தச் சராசரியில் எவ்வளவுக்கு ஈடு தருவது என்கிற ஈட்டுறுதி அந்தப் பகுதிக்கு 80 சதவீதம் என்றால் 1,840 கிலோதான் உத்தரவாத மகசூல். இந்த ஆண்டுக் கிராமச் சராசரி 1,380 என்று வந்தால் குறைவு 460 கிலோ, உத்தரவாதத்தில் கால் பங்கு. காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்றால் 9,000 ரூபாய் வரும். கும்பப்பூவுக்கு விவசாயி கட்டுகிற பங்கு 1.5 சதவீதம், அதாவது 540 ரூபாய். முதல் பருவ நெல்லான கன்னிப்பூ காரிப் பருவத்தில் வருவதால் 2 சதவீதம், 720 ரூபாய்.

இப்போது அண்ணாச்சியின் திட்டத்தைப் பாருங்கள். அவர் வயலில் 600 கிலோதான் விளைந்தது, ஊர் சராசரி 2,000 என்றால் அவருக்கு ஒன்றும் இல்லை. அதே சமயம் ஊர் சராசரி 1,380-க்கு இறங்கிய ஆண்டில் நீங்கள் ஒழுங்காகப் பார்த்து 2,200 எடுத்திருந்தால், நெல்லும் உங்களுக்கு, 9,000 ரூபாயும் உங்களுக்கு. இந்தத் திட்டத்தில் கவனமாக இருக்கிறவனுக்குத்தான் லாபம். அமெரிக்காவில் பெரும்பாலான பாலிசிகள் அவரவர் பண்ணையின் விளைச்சல் வரலாற்றை வைத்து எழுதப்படுகிறவை. அங்கே அலட்சியத்துக்கு ஓரளவு கூலி உண்டு, இங்கே கிடையாது. மேலே தேரூர்க்காரருக்குச் சொன்ன அமெரிக்க ஆய்வை அப்படியே நம் தலையில் கவிழ்க்கக் கூடாது என்றதற்குக் காரணம் இதுதான். பூச்சியும் நோயும் காப்பீட்டில் உண்டு, ஆனால் தடுத்திருக்க முடியாதவை மட்டும்.

உங்கள் வயலுக்குப் பூச்சி வருவது பற்றி. அண்ணாச்சி மருந்து அடிக்காததில் பாதி நல்லதும் இருக்கிறது. நீங்களும் அவரைப் பார்த்துப் பதறி அடிக்க வேண்டாம். நூறு தூரில் பத்துக்கு மேல் நடுக்குருத்து காய்ந்திருந்தால்தான் குருத்துப்பூச்சிக்கு மருந்து. வளர்கிற பருவத்தில் பத்து சதவீத இலை பாதித்தால்தான் இலைச்சுருட்டுப் புழுவுக்கு. புகையான் தூருக்கு ஒன்று என்றால் கவனிக்க வேண்டும், ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை விடலாம், சிலந்தி பார்த்துக்கொள்ளும். தேவையில்லாமல் அடித்தால் முதலில் சாவது அந்தச் சிலந்திதான். யூரியா கூடினால் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் கூடும். பாதி பூச்சியை நாமே சோறு போட்டுக் கூப்பிடுகிறோம்.

கேள்வி: நான் பாட்டத்துக்கு, குத்தகைக்குத்தான், வயல் எடுத்துச் செய்கிறேன். பட்டா வயல்காரர் பேரில். இழப்பீடு வந்தால் யாருக்கு?
— வாசகி, தாழக்குடி

பதில்: அம்மா, பயிர் யாருடையதோ அவருக்குத்தான் காப்பீடு. பாட்டக்காரரும் பங்குக்குச் செய்கிறவரும் சேரலாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது. நடப்புப் பருவ அடங்கல், அதாவது யார் என்ன பயிரிட்டார் என்ற கிராமக் கணக்கு, உங்கள் பேரில் இருக்க வேண்டும், சிக்கல் வருவது அங்கேதான். வயல்காரர் எழுதித்தரத் தயங்குவார், நிலம் போய்விடுமோ என்று அவருக்கொரு பயம். கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து, பயிர் நிற்கும்போதே உங்கள் பேரில் சாகுபடி அடங்கல் கேளுங்கள். அறுத்த பிறகு கேட்டால் யார் தருவார்?

கேள்வி: சுசீந்திரம், தேரூர் குளங்களை ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்திருக்கிறார்கள். குளத்தை ஆகாயத்தாமரை மூடுவதற்கு மேல்வயல் யூரியாவும் காரணம் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். நான் வயல்காரன். உரத்தைக் குறைத்தால் விளைச்சல் குறையாதா? குறைந்தால் இன்சூரன்ஸ் தருமா?
— வாசகர், சுசீந்திரம்

பதில்: 2022-ல் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியையும், கூடவே வேம்பனூரையும் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். குளத்துக்கு நைட்ரஜனும் பாஸ்பரசும் வருவது வயலிலிருந்து மட்டுமல்ல, ஊர்ச் சாக்கடையும் கொண்டுவருகிறது. அதனால் வயல்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. ஆனால் வயலின் பங்கு நம் கையில் இருக்கிறது, சாக்கடை நம் கையில் இல்லை.

நீங்களாகவே உரத்தைக் குறைத்து விளைச்சல் விழுந்தால் காப்பீடு தராது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு குறைக்காதீர்கள், பார்த்துக் குறையுங்கள். அதற்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை போதும்: இலை வண்ண அட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாக எண் போட்ட பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14-ஆம் நாள் தொடங்கி வாரம் ஒரு தடவை, பூக்கும் வரை. காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் வயலில் இறங்குங்கள். வெயில் நேராக அட்டையில் விழக்கூடாது, உங்கள் முதுகை வெயிலுக்குக் கொடுத்து உங்கள் நிழலிலேயே அட்டையைப் பிடியுங்கள். ஒரு குத்தில் முழுசாக விரிந்த மேல் இலையை, பறிக்காமல், அதன் நடுப்பகுதியை அட்டைமேல் வைத்து எந்தப் பச்சையோடு சேர்கிறது என்று பாருங்கள். இப்படி வயலில் அங்குமிங்குமாகப் பத்துக் குத்து. அம்பை 16 போன்ற ரகங்களுக்கு எல்லை 4. பத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் 4-க்குக் கீழே இருந்தால்தான் மேலுரம். இல்லையென்றால் மூட்டையைப் பிரிக்காமல் திரும்பி வாருங்கள். ஒரே ஆள் எல்லா வாரமும் பார்ப்பது நல்லது, ஆளுக்கொரு கண்.

இதைச் சொன்னால் "பச்சை குறைந்தால் பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கிறது" என்பார்கள். கரும்பச்சை வயல் பார்க்க அழகுதான், இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அப்படித்தான் தோன்றும். பாசி நிறத்தில் இருண்டு நிற்கிற பயிரைக் காட்டி என்னிடம் பெருமைப்பட்டவர்களில் பாதிப் பேர், கதிர் வந்த பிறகு அதைச் சாய்ந்த நிலையில் காட்டியிருக்கிறார்கள்.

மேலுரம் போடுகிற அன்று தண்ணீரை வடித்து, மண் தெரிகிற ஈரத்தில் போட்டு, மறுநாள் தண்ணீர் விடுங்கள். வானம் கறுத்திருந்தால் போடாதீர்கள். மடையை அடைத்து வையுங்கள், போட்ட உரம் உங்கள் வயலிலேயே கிடக்கட்டும்.

இன்னொரு விஷயம் தண்ணீர். வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாமல் மீத்தேன் உண்டாகும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் அது நன்றாகக் குறையும், தண்ணீரும் மிஞ்சும். துளை போட்ட ஒரு அடிக் குழாயை மண்ணில் பதித்து, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே அரை அடி இறங்கினதும் அடுத்த தண்ணீர் விட்டால் போதும். பூக்கிற சமயம் மட்டும் காய விடக்கூடாது. வேளாண் துறை இதை வருடாவருடம் சொல்கிறது. ஆனால் கால்வாயின் கடைசியில், கடைவரம்பில் இருக்கிறவர் எப்படிக் கேட்பார்? பேச்சிப்பாறை அணையில் திறந்த தண்ணீர் சானல் வழியாக அவருக்கு எப்போது வரும் என்றே தெரியாது. வந்த அன்று வரப்பு முட்டப் பிடித்து வைக்கத்தான் செய்வார். அந்தப் பயத்துக்குக் காப்பீடு மருந்தில்லை, முறை தவறாமல் வருகிற தண்ணீர்தான் மருந்து. இதைக் காப்பீட்டு ஆய்வு எழுதுகிறவர்கள் ஒருமுறை அஞ்சுகிராமம் பக்கம் வந்து பார்த்தால் தெரியும்.

கேள்வி: ரசாயனம் போடாமல் கட்டிச்சம்பா நெல் போடுகிறேன். எனக்கும் அதே பிரீமியம், அதே இழப்பீடுதானா? இது நியாயமா?
— வாசகர், செண்பகராமன்புதூர்

பதில்: அதேதான். நியாயமில்லைதான். காப்பீட்டுக்கு நெல் என்றால் நெல், எடை என்றால் எடை. உங்கள் நெல் கிலோவுக்கு என்ன விலை போகிறது, அதில் யூரியா விழுந்ததா இல்லையா என்பதெல்லாம் அந்த அளவுகோலில் இல்லை.

மாற்ற முடியாத விஷயமும் இல்லை இது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அறுவடைக்குப் பிறகு மண்ணை வெறுமனே விடாமல் மூடுபயிர் போடுகிறவருக்குப் பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் ஏக்கருக்கு 5 டாலர் தள்ளுபடி தரும் ஏற்பாட்டை 2017-ல் தொடங்கினார்கள். அந்த நாட்டின் 2014 வேளாண் சட்டம், அரிப்பு மிகுந்த நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் விதிமீறி உழுதால் பிரீமிய மானியம் கிடையாது என்று நிபந்தனை போட்டது. நம் ஊரில் பிரீமியத்தின் பெரும்பங்கை அரசுகள்தான் கட்டுகின்றன. அந்தப் பணத்தோடு, "வண்ண அட்டை பார்த்து உரம் போட்டால் உன் பங்கில் ஐம்பது ரூபாய் குறைவு" என்று ஒரு வரி சேர்க்கலாமே? யார் போய்ச் சரிபார்ப்பது என்று கேட்பார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனைக்குக் கயிறு கொண்டுவருகிற ஆளே பார்க்கலாம். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்.

கேள்வி: காட்டுப்பன்றி இரவோடு இரவாக வயலை உழுதுவிட்டுப் போகிறது. இன்சூரன்சில் உண்டா? வெள்ளம் நின்றால்?
— வாசகர், தடிக்காரன்கோணம்

பதில்: இரண்டும் ரொம்ப நாள் இல்லாமல் இருந்தன. நெல்வயலில் வெள்ளம் தேங்கித் தனி வயலுக்கு வரும் சேதத்தை 2018-ல் எடுத்துவிட்டார்கள். நெல் தண்ணீரில் வளர்கிற பயிராயிற்றே என்பது அவர்கள் வாதம். 2023 டிசம்பர் மழையில் மூழ்கிக் கிடந்த வயலைப் பார்த்தவர்களிடம் அந்த வாதத்தைச் சொல்லிப்பாருங்கள். 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் இரண்டையும் சேர்த்து அறிவித்தது: 2026 காரிப் முதல் நெல் மூழ்குவதும் உண்டு, வனவிலங்குச் சேதமும் கூடுதல் பாதுகாப்பாக உண்டு. எந்த மாவட்டம், எந்த விலங்கு என்பதை மாநிலம் அறிவிக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு அறிவிப்பு உண்டா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு வையுங்கள். சேதமானால் 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு பதிய வேண்டும். பன்றி போன தடத்தைச் சரிசெய்வதற்கு முன்னாலேயே படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வயலே வீட்டுமனையும் வாழைத்தோப்புமாக மாறிக்கொண்டிருக்கிறது. இதில் இன்சூரன்ஸ், யூரியா என்றெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம்?
— பெயர் வேண்டாம், பூதப்பாண்டி

பதில்: கோபம் புரிகிறது. மனை விலைக்கு முன்னால் 9,000 ரூபாய் இழப்பீடு நிற்காது. விற்கிறவர் விற்கத்தான் செய்வார், அவர் மகளுக்குக் கல்யாணம் இருக்கும். நான் பேசுவது விற்க மனசில்லாமல், இரண்டு பருவம் நட்டப்பட்டு, மூன்றாவதுக்கு விதைநெல் வாங்கக் காசில்லாமல் வயலை ஒதுக்கி வாழையை நடுகிறவரைப் பற்றி. அவரைப் பிடித்து நிறுத்தக் காப்பீட்டால் முடியும். வாழை வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் 2017 ஒக்கிப் புயலை நினைத்துப் பாருங்கள், ஒரே அடியில் தோப்பெல்லாம் படுத்துவிட்டது. வாழைக்கு விவசாயியின் பிரீமியப் பங்கும் 5 சதவீதம்.

சுற்றுச்சூழல் திறன் என்று கணக்குப் போடுகிறவர்கள் கிலோ நெல்லுக்கு எவ்வளவு மாசு என்றுதான் பார்க்கிறார்கள். மழைத் தண்ணீரை வரப்புக்குள் நிறுத்திக் கிணற்றுக்கு அனுப்புவதும், கொக்குக்கும் நாரைக்கும் இரை கொடுப்பதும், பழையாற்றில் வெள்ளம் ஏறுகிற வேகத்தைத் தணிப்பதும் அந்தக் கணக்கில் வராது. வயல் வயலாக இருந்தால்தான் அதெல்லாம். அதனால்தான் எழுதுகிறேன்.

கேள்வி: கடனுக்குப் போன வங்கியில் இன்சூரன்சும் சேர்த்தே பிடித்தார்கள். ஆனால் இழப்பீடு வந்தபோது என் பேர் இல்லை. எங்கே போய்க் கேட்பது?
— வாசகர், தோவாளை

பதில்: உங்கள் கடிதத்தோடு வந்த ரசீது நகலைப் பார்த்தேன். சர்வே எண் சரி, உட்பிரிவு எண் வேறொருவருடையது. கிராமத்தின் பெயரும் பக்கத்துக் கிராமமாக இருக்கிறது. தட்டச்சு செய்தவர் ஒரு வரி மாறிப் பார்த்திருக்கிறார். கிராமம் மாறினால் சராசரி மாறும், சராசரி மாறினால் எல்லாம் மாறும்.

கடன் வாங்கியவருக்குக் காப்பீடு கட்டாயம் என்பது 2020 காரிப் பருவத்தோடு போய்விட்டது. வேண்டாம் என்றால் காப்பீட்டில் சேரும் கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்னதாக எழுதிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்வார்கள். பிடித்தால் மட்டும் போதாது, பிடித்த அன்றே ரசீதில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், பருவம், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் அடங்கலோடு வைத்துப் பார்க்க வேண்டும். கடைசி நாளுக்கு முன் என்றால் திருத்தலாம்.

இப்போதைக்கு, வங்கி மேலாளரிடம் தவறைக் குறிப்பிட்டு எழுத்தில் ஒரு மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தவறு வங்கியுடையது என்றால் பொறுப்பும் வங்கியுடையது என்று திட்ட விதியிலேயே இருக்கிறது, அதை மனுவில் எழுதுங்கள். அதே மனுவின் நகலை வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்திலும் கொடுங்கள். 14447 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை மனுவின் மேலேயே எழுதி வையுங்கள். ரசீது மை மங்குகிற காகிதம், இன்றைக்கே இன்னொரு நகல் எடுத்துவிடுங்கள்.